ஜெரால்ட் குடித்தது வெறும் கலர்தான்

மஸ்கட்டில் இருக்கும் அன்புள்ள அப்பாவுக்கு,

திருவையாற்றிலிருந்து மகள் செவ்வந்தி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். சம்பா நாற்றும் நலம். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை.

நான் ஒரு குடிகாரனைக் கட்டிக்கொண்டேன் என்று குஞ்சிதபாதம் சித்தப்பா போனில் சொன்னதைக் கேட்டு, என் படிப்பை நிறுத்த நீங்கள் லீவு போட்டு வருவதாக அறிந்தேன். தயவுசெய்து வர வேண்டாம். குடும்பச் சண்டையில் சமூகப் பணியாளர் எப்படிப் பேச வேண்டும் என்ற பாடத்தை எந்த முறையில் நடத்தினால் மண்டையில் நிற்கும் என்று எங்கள் காலேஜ் ரோஸ்லின் மேடம் சோதித்துப் பார்க்கிறார். ஒரு வகுப்புக்கு விரிவுரை, அவர்கள் தூங்கிவிட்டார்கள். எங்களுக்கு நடிப்பு. ஃபேன் ஓடாததால் பஸ் ஸ்டாப் மரத்தடிக்குப் போனோம், அதுதான் தப்பு. என்னோடு படிக்கும் ஜெரால்ட் குடிகாரப் புருஷன், நான் பெண்டாட்டி. நான் வாய் திறக்கமாட்டேன் என்பதால் அழுதால் மட்டும் போதும் என்று கொடுத்த வேஷம். மாதா கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடத்துகிறவன் ஒரு கலர் சோடா பாட்டிலை வைத்துக்கொண்டு அப்படித் தள்ளாடுவான் என்று யார் கண்டது? எனக்கும் நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து, ஊருக்குப் பஸ் ஏற உர மூட்டையோடு வந்தார் சித்தப்பா.

மூட்டையை இறக்கி, அதன்மேலேயே உட்கார்ந்து பஞ்சாயத்தை ஆரம்பித்துவிட்டார். சமூகப் பணியாளராக நடிக்க வேண்டிய ஃபெபி மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். "எங்க அண்ணன் அங்க வெயில்ல காயிறது நீ குடிச்சு அழிக்கவாடா?" என்று அவர் கேட்டதும் ஜெரால்ட் பயந்துபோய், இனி தொடமாட்டேன் மாமா என்று காலில் விழுந்துவிட்டான். அங்கிள் என்று சொல்லியிருந்தால்கூடத் தப்பித்திருப்போம். என்னையும் கொஞ்சம் அடங்கிப் போகச் சொன்னார். நான் என்னப்பா ஆடினேன், சும்மா அழுதுகிட்டுதானே இருந்தேன்? இது பாடம்ங்க என்று மேடம் எடுத்துச் சொன்னால், "பாடத்துக்காக எவனாவது குடிப்பானா? நீங்க டீச்சரா, தரகரா?" என்று கேட்டுவிட்டு நேரே எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்விட்டார்.

பிறகு வைத்த பரீட்சையில் எங்கள் வகுப்பு முழுக்கப் பாஸ். சமூகப் பணியாளர் செய்யக் கூடாதவை எவை என்ற கேள்விக்கு, சித்தப்பா செய்ததையெல்லாம் அப்படியே எழுதிவிட்டோம். நடிப்பே சிறந்த முறை என்று மேடம் முடிவு கட்டிவிட்டார்.

நம்ம வீடுதான் சரியில்லை. நீங்கள் கொடுத்த செல்லம் என்று அம்மாவும், அம்மா பார்த்துக்கொண்ட லட்சணம் என்று நீங்களும் கத்தியதில், அம்மா இனி போனுக்கே வரமாட்டாங்களாம். நீங்கள் அங்கேயே கோபத்தை ஆற்றிக்கொண்டு என்னைப் படிக்க விடுங்கள். நம் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்தது நான் ஒருத்திதானே அப்பா.

ஐயாறப்பர் உங்களுக்கு நல்ல தூக்கமும் நீண்ட பொறுமையும் தரட்டும்.

அன்பு மகள்,
செவ்வந்தி

பி.கு.: இப்போதுதான் மேடம் சொன்னார், செய்முறைத் தேர்வுக்கு நடிப்பு ஆகாதாம். நிஜமாகவே சண்டை போடும் தம்பதி ஒன்றை ஆளாளுக்கு அழைத்து வர வேண்டுமாம். அதனால் உடனே கிளம்பி வாருங்கள். அதுவரை அம்மாவோடு சமாதானமாகிவிட வேண்டாம். நீங்கள் இரண்டு பேரும் சண்டை போட்டால் மட்டும் போதும். இந்த முறை பேசுவதை நான் பார்த்துக்கொள்கிறேன்.