மூன்று சங்கமும் ஒரு கடவுச்சொல்லும்

இலங்கைத் தீவில் முழுப் பாதுகாப்போடு இருந்த பொருள் ஒன்றே ஒன்றுதான். வட்டகொடைக்கு மேலே, டன்விக் தேயிலைத் தோட்டத்தில், முன்பு வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட பழைய பிள்ளைக் காம்பிராவில், பூப்போட்ட துணி போர்த்தி மேசைமேல் வீற்றிருந்த கணினிதான் அது. வங்கிப் பெட்டகத்தைக்கூட வங்கிக்காரர் திறந்துவிடலாம். இந்தக் கணினியை அதன் சொந்தக்காரர்களாலும் திறக்க முடியாது. பாதுகாப்பு என்றால் அதுவல்லவா பாதுகாப்பு!

பேச்சியம்மாவுக்கு இந்தப் பெருமை விளங்கவில்லை. அவள் கொழுந்து பறிக்கிறவள். ஆடிக் காற்று அவளுடைய லயத்துக் கூரையில் மூன்று தகரங்களைத் தூக்கிப்போய்த் தேயிலைக்குள் போட்டுவிட்டது. ஒன்றரை மாதமாக ஒரு நீலத் தறப்பாளின் கீழே கணவனும் இரண்டு பிள்ளைகளுமாக நனைந்துகொண்டிருந்தாள். தோட்டத்துக்கு இருபது புது வீடுகள் வந்திருந்தன. வீடு பெறுவோர் பட்டியல் அந்தக் கணினிக்குள் இருந்தது. அதில் தன் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் பிரதேச காரியாலயத்தில் மனுக் கொடுக்க வேண்டும். இவ்வளவுதான் அவளுடைய பேராசை.

திங்கட்கிழமை மத்தியானம், கொழுந்து பறிக்க இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் வந்து வாசலில் நின்றாள்.

"ஐயா, எம் பேரு இருக்கான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

கணினிப் பொறுப்பாளர் குகநேசன் யாழ்ப்பாணத்துக்காரர். கணினிப் பாதுகாப்பில் அவர் பெற்ற மூன்று சான்றிதழ்களும் சட்டம் போட்டுச் சுவரில் தொங்கின.

"இப்ப பார்க்கேலாது அம்மா. நேற்றுக் கரண்ட் போய் கொம்பியூட்டர் நிண்டிட்டுது. பூட் லோடருக்குப் பாஸ்வேர்ட் போட்டிருக்கு."

"அது யாருங்க?"

"ஆள் இல்லையம்மா. கொம்பியூட்டர் நித்திரையால எழும்பேக்க முதல்ல எழும்புறது உதுதான். பிறகு உதுதான் மற்றதுகளை எழுப்பும். பாஸ்வேர்ட் குடுக்காட்டி எழுப்பாது."

"ஓ, விடியக்காலம் வேலைப் பெரட்டுக்குத் தப்படிச்சு ஆளுகள எழுப்புறவரு மாதிரி. அவரு கையையே கட்டிப்புட்டீங்களாக்கும். சரி, அவுத்து விடுங்கய்யா."

"எனக்குப் பாஸ்வேர்ட் தெரியாது" என்றார் குகநேசன், நெஞ்சை நிமிர்த்தி.

அவருக்கு எப்படித் தெரியும்? வீடமைப்புக் குழுவில் தோட்டத்தின் மூன்று தொழிற்சங்கங்களுக்கும் சம இடம். கூடைச் சங்கத்துக்குச் செல்லசாமி, குடைச் சங்கத்துக்குப் பழனியாண்டி, மண்வெட்டிச் சங்கத்துக்கு அழகுமுத்து. டன்விக்கில் கோயில் கொடி ஏற்றினாலும் மூன்று சங்கத்தின் கையும் கயிற்றில் இருக்க வேண்டும். கடவுச்சொல் மட்டும் ஒருவர் கையில் இருக்கலாமா? ஐந்து கூட்டம் கூடி, இரண்டு நாற்காலி உடைந்தபின், 'ஏகமனதாக'த் தீர்மானித்தார்கள். சொல்லை மூன்றாக உடைத்து ஆளுக்கு ஒரு துண்டு. ஒருவர் தட்டும்போது மற்றவர்கள் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை தலைவர்கள் மூவரும் வந்து, முறைப்படி சுவரைப் பார்த்து, முறைப்படி தட்டினார்கள். பூட் லோடரில் கடவுச்சொல் தட்டினால் திரையில் ஒரு புள்ளிகூட விழாது. கடைசியில் 'பிழை' என்று மட்டும் வந்தது.

"மண்வெட்டிதான் ஒரு எழுத்தக் கூட்டிப் போட்டிருச்சு" என்றார் செல்லசாமி.

"கூடைக்குத்தான் வெரலு நடுங்குது" என்றார் அழகுமுத்து.

"ஆர் பிழை விட்டதெண்டு கண்டுபிடிக்கேலாது. மூண்டும் சேர்ந்தாத்தான் ஒரு சொல்" என்றார் குகநேசன்.

"அப்ப எங்க மேல பிழை இல்ல" என்று மூவரும் ஒரே குரலில் சொன்னார்கள். டன்விக் வரலாற்றில் மூன்று சங்கமும் ஒத்துப்போனது அன்றுதான். அந்த மகிழ்ச்சியில் தேநீர் குடித்துவிட்டுக் கலைந்தார்கள்.

புதன்கிழமை பழனியாண்டி குடையை விட்டுக் கூடைக்குத் தாவினார். மாலை விழுந்தது, பட்டாசு வெடித்தது. அப்புறம்தான் அந்த மகத்தான கேள்வி எழுந்தது. நடுத்துண்டு யாருக்குச் சொந்தம்?

"அது எங்க சங்கத்துச் சொத்து. வச்சிட்டுப் போகச் சொல்லுங்க" என்றாள் குடைச் சங்கம் புதிதாக நியமித்த வீரம்மா.

"அது எம் மண்டைக்குள்ள இருக்கு. மண்டையைக் கழட்டிக் குடுக்கவா?" என்றார் பழனியாண்டி.

"அப்ப இனி நமக்கு ரெண்டு துண்டு!" என்று செல்லசாமி பூரித்தார்.

"ரெண்டா? நடக்காது! ஸ்ட்ரைக்கு!" என்றார் அழகுமுத்து.

வியாழக்கிழமை, கடவுச்சொல்லில் சமபங்கு கேட்டு உலகிலேயே முதன்முறையாக ஒரு வேலைநிறுத்தம் நடந்தது. அன்று பார்த்து மழையும் கொட்டியது. தறப்பாள் கிழிந்து, மகளுடைய பள்ளிப் புத்தகங்கள் கஞ்சியாகிவிட்டன. பேச்சியம்மாவுக்கு அழுகை வந்தது. அழுகையைவிடக் கோபம் அதிகமாக வந்தது.

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு அவள் பிள்ளைக் காம்பிராவுக்குள் நுழைந்தபோது குழுவின் ஒன்பதாவது கூட்டம் நடந்துகொண்டிருந்தது. அவள் நேரே குகநேசனிடம் போனாள்.

"ஐயா, இதத் தொறக்க வேற வழியே இல்லீங்களா?"

குகநேசன் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தார். "இருக்கு. டிஸ்க்கைக் கழட்டி என்ர லெப்டொப்பில கொழுவினா பத்து நிமிச வேலை."

"அப்ப ஏங்க இத்தன நாளாச் செய்யல?"

"ஒருத்தரும் கேக்கேல்லையே."

"கழட்டுங்க."

"கழட்டக் கூடாது!" என்று செல்லசாமி, பழனியாண்டி, அழகுமுத்து மூவரும் ஒன்றாக எழுந்தார்கள். பேச்சியம்மாவுக்குப் பின்னால், கொழுந்தைத் தராசில் நிறுத்துக் கொடுத்துவிட்டு நேரே வந்த பதினெட்டுப் பெண்கள் நின்றார்கள். தலைவர்கள் ஒன்றாகவே உட்கார்ந்தார்கள்.

நாலு திருகாணி கழன்றது. பட்டியல் திறந்தது. குகநேசன் கணீரென்று வாசித்தார். ஒன்று, செல்லசாமி. இரண்டு, செல்லசாமி மகன். மூன்று, கொழும்பில் கடை வைத்திருக்கும் செல்லசாமி மருமகன். எட்டாவது, டுபாயில் இருக்கும் அழகுமுத்து மச்சான். பதினாறாவது, 'பழனியாண்டி பேரன், பிறக்கவுள்ளது'. இருபதை மூன்றால் வகுக்க முடியாததால், மிஞ்சிய இரண்டு வீடுகளும் 'பொது' என்ற தலைப்பில் தலைவர்கள் மூவர் பெயரிலும் இருந்தன. வாசிக்க வாசிக்கக் குகநேசனின் குரல் இறங்கிக்கொண்டே போனது. பேச்சியம்மாவின் பெயர் எந்த வரியிலும் இல்லை.

"இது சும்மா வரைவுதான் தங்கச்சி" என்றார் செல்லசாமி, நெற்றியைத் துடைத்துக்கொண்டு. "கள்ளப் பயலுக யாரும் பூந்து பேர மாத்திரக் கூடாதுன்னுதான் இவ்வளவு பாதுகாப்பு."

குகநேசன் பட்டியலை அச்சடித்துக் கொடுத்தார். மூன்று மணி பஸ்ஸைப் பிடித்தால் காரியாலயம் மூடுவதற்குள் போய்விடலாம். பேச்சியம்மா தாளை நனையாமல் மடித்து மடியில் செருகினாள். வாசல் வரைக்கும் போனவள் திரும்பினாள்.

"பூட்டு நல்ல பூட்டுதாங்க தலைவரே. ஆனா, கள்ளன உள்ள வச்சுல்ல பூட்டியிருக்கீங்க!"