பரணிலிருந்து இறங்கிய பச்சை உருளை

குமாஸ்தாவின் தலையில் அன்று காலை இடி விழுந்தது. இடியைப் போட்டவள் அவர் மனைவிதான். வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு, தெருவுக்கே துணி தைத்துக் கொடுப்பவள்.

"ஏங்க, இந்த வாரத்துலேருந்து வீடு பெருக்கறதுல பாதி உங்களுது. ஹாலும் படுக்கையறையும்."

"எனக்குத்தான் இடுப்பு வலியாச்சே!"

"அது கல்யாணத்தன்னிக்கு வந்த வலி. இன்னுமா போகலை?"

ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கம் கைநழுவிப் போவதைக் குமாஸ்தா கண்ணெதிரே பார்த்தார். மானம் போனால் போகட்டும், தூக்கம் போகலாமா? ஆபத்தில் மூளை வேலை செய்தது. சித்தப்பா வீடு மாறும்போது இவர் தலையில் கட்டிவிட்டுப் போன வேக்குவம் கிளீனர் ஒன்று பரணில் செத்துக் கிடந்தது.

"அதை ரிப்பேர் பண்ணி ஓட வெச்சுட்டேன்னா?"

மனைவி ஊசியில் நூலைக் கோத்தபடியே சிரித்தாள். "ஓடிச்சுன்னா வீடு முழுக்க நானே பாத்துக்கறேன். நீங்க காலை நீட்டிப் படுங்க. ஓடலைன்னா பாதியில்ல, முழுசும் உங்களுது."

"பேச்சு மாற மாட்டியே?"

"நான் எப்பங்க மாறியிருக்கேன்?"

மாறியதே இல்லை. அதுதான் அவருக்குக் கவலை.

பரணிலிருந்து இறங்கியது ஓர் இரும்பு உருளை. அடியில் இரண்டு சறுக்குப் பட்டைகள், முன்னால் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு குழாய். ஈரத்துணியால் துடைத்தார். அழுக்குக்கு அடியிலிருந்து பச்சை நிறம் எட்டிப் பார்த்தது. கொக்கியை நெம்பி மோட்டாரை வெளியே எடுத்தார்.

எடுத்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். உள்ளே குப்பைதான் இருக்கும் என்று நினைத்திருந்தார். இருந்ததோ ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய காற்றாடித் தகடுகள், முடியைப்போல மெல்லிய செம்புக் கம்பிச் சுருள்கள். ஊதினார். இத்தனை வருஷம் கழித்தும் தகடு சத்தமில்லாமல் சுற்றியது. குமாஸ்தா தன்னையறியாமல் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"இங்க வாயேன்! ஊதினா சுத்துது!"

"எனக்குக் காலர் வைக்கிற வேலை இருக்கு."

"யாரு பெத்த பிள்ளையோ, இதை இப்படிச் செஞ்சிருக்கான்! நம்ம பரண்ல இவ்வளவு நாளா இது இருந்திருக்கு, நாம தெரியாம கீழே தூங்கியிருக்கோம்!"

அன்றிலிருந்து ஆபீஸ் விட்டதும் நேரே வீடு. தன் பல்துலக்கும் பிரஷ்ஷால் தகடுகளைத் தேய்த்தார். மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் துண்டுகள் தேய்ந்து போயிருந்தன. மோட்டார் கட்டுகிற கடையில் புதிதாக வாங்கி, அளவுக்கு அரத்தால் ராவிப் பொருத்தினார். பேரிங்குக்கு எண்ணெய் விட்டார், இற்றுப்போன ஒயரை மாற்றினார். தூசிப்பை பூச்சி அரித்துக் கிடந்தது. மனைவி புதுப்பை தைத்துக் கொடுத்தாள். எறும்பும் நுழைய முடியாத தையல்.

சனிக்கிழமை மாலை சுவிட்சைப் போட்டார். 'ம்ம்ம்' என்று கனமாக ஒரு குரல் எழுந்தது. ஜன்னல் திரை அசைந்தது. குழாய் அவர் பனியனையே பிடித்து இழுத்தது. குமாஸ்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாத்தியா? நாம பெத்ததுங்ககூட இவ்வளவு சொன்ன பேச்சு கேக்கலை!"

"பெரிய ஆளுதாங்க நீங்க," என்றாள் மனைவி. "நாளைக்கு நிம்மதியாத் தூங்குங்க."

ஞாயிறு மதியம் கட்டிலில் சாய்ந்தார். கண் சொருகியது. அப்போது, டமார்!

"என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்லீங்க, கதவு நிலையில இடிச்சுது."

எழுந்து ஓடினார். வழுக்கும் பட்டுத்துணியைக்கூடச் சுருக்கம் விழாமல் தைக்கிற கைகள், அவருடைய பச்சை உருளையைக் குழாயைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டிருந்தன. மேஜைக்காலில் ஒரு இடி. சுவரில் ஒரு இடி. பச்சைப் பெயின்ட் பெயர்ந்தது. அடுத்து குழாயின் வாய், கீழே கொட்டிக்கிடந்த தண்ணீரை நோக்கி நகர்ந்தது.

"ஐயையோ! தண்ணி உள்ள போனா மோட்டார் செத்துடும்!"

"எனக்கென்னங்க தெரியும்? உறிஞ்சத்தானே மெஷினு?"

"குடு இங்க!"

"வேணாங்க. பேச்சுன்னா பேச்சு. நீங்க போய்ப் படுங்க."

"உன் காலைப் பிடிச்சுக்கறேன். இனிமே இதை நீ தொடவே கூடாது. நானே பெருக்கிக்கறேன்!"

"வீடு முழுக்கவா?"

"வீடு முழுக்க!"

"சமையல்கட்டு?"

"அதையும்தான்! மாடிப்படியும் சேர்த்து!"

"உங்க இஷ்டம். நான் சொன்னாக் கேக்கவா போறீங்க?" என்று வருத்தத்தோடு குழாயை ஒப்படைத்தாள்.

குமாஸ்தா பெருக்கினார். மூலையில் தூசி இருந்தது, இதோ, இல்லை! என்ன அதிசயம்! தூக்கம்கூட மறந்துபோயிற்று. கட்டிலை நகர்த்துவதற்காக மெஷினை நிறுத்தினார். வாசலில் எதிர்வீட்டு டீச்சரின் குரல் கேட்டது.

"எப்படிக்கா இது? எங்க வீட்டுல ஒரு துரும்பை நகத்த மாட்டேங்கறாரு. என்ன மந்திரம் போட்டீங்க?"

"மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. நாலு இடத்துல இடிச்சேன், அவ்வளவுதான்." மனைவியின் குரல் தாழ்ந்தது. "அடுத்த வாரம் எங்க அடுப்பு ரிப்பேராகப் போகுது."