மறுபடி கேட்கக்கூடாத பதக்கம்

கொரியக் குடியேறிகளின் பாரம்பரியத்தையும் அரும்பங்களிப்பையும் கௌரவிப்பதென்று கலிபோர்னியாவில் ஒரு நகராட்சி ஏகமனதாகத் தீர்மானித்தது. அவர்கள் ஊறப்போடும் முட்டைக்கோஸ் ஊறுகாயான கிம்ச்சியின் வாடை அடிக்கிறது என்று முன்பு அபராதம் போட்டதும் அதே நகராட்சிதான். இப்போது கிம்ச்சி ஃபேஷனாகிவிட்டது, அதனால் பதக்கம்.

கௌரவிப்புத் துறையின் துணை இயக்குநர் கிரெட்சன், சலவைக்கடை பியோ கில்சுவைத் தேடி நேரிலேயே வந்தாள். சேதி அவருக்கு ஏற்கெனவே எட்டியிருந்தது. புது கோட்டுகூடத் தைத்தாயிற்று. சம்பந்தி டாக்டர் யோம் கல்யாணத்தன்றிலிருந்து அவரை, "இவர்தான் நம்ம துணி வெளுக்கிறவர்" என்றே ஊருக்கு அறிமுகம் செய்துவந்தார். அந்த வாயை அடைக்க ஒரு பதக்கம் வேண்டும்.

"ஐயா, உங்களை கௌரவிக்கணும்னு இருக்கோம். சம்மதமா?"

"ஐயய்யோ, எனக்கெதுக்கும்மா? நான் என்ன பெருசா கிழிச்சிட்டேன்?" என்று தலை குனிந்தார் கில்சு. கௌரவமான கொரியர் இரண்டு மூன்று தடவையாவது மறுப்பார். கேட்கிறவர்தான் விடாமல் வற்புறுத்த வேண்டும்.

"சரிங்க ஐயா," என்று கிரெட்சன் கிளம்பிவிட்டாள்.

கில்சு வாசல்வரை பின்னாலேயே ஓடினார். "அம்மா, இன்னொரு தடவை கேக்க மாட்டீங்களா?"

"அது தொந்தரவு பண்றதாகிடும். வேண்டாம்னா வேண்டாம்தான், பயிற்சியிலயே சொல்லிக்கொடுத்திருக்காங்க. உங்க பண்பாட்டை நாங்க மதிக்கிறோம்."

வேணும் என்று வாய்விட்டுச் சொன்னால் மானம் போகும். "ரொம்ப சந்தோஷம்மா," என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தார்.

"வேணும்னு சொல்றதுதானே? வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றாள் மனைவி ஓக்புன்.

"முதல் தடவையே வாங்கினா, அலையறான்னு பேச மாட்டாங்களா?"

"இப்ப மட்டும் பேசவா போறாங்க? உங்களை யாருக்குத் தெரியும்?"

ஊரில் ஒரு கொரியர் பாக்கியில்லாமல் எல்லோரும் இப்படியே மறுத்தார்கள். துறைக்குப் பெரும் நிர்வாகச் சிக்கல். கடைசியில் கிம்ச்சியை ஜூஸாக்கி பாட்டிலில் விற்கும் டைலர் என்ற வெள்ளைக்காரப் பையன் கேட்டவுடனே சம்மதித்தான்.

விழாவில் கொரியர்கள் வரிசையாக உட்கார்ந்து கைதட்டினார்கள். டைலர் பதக்கத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, "இதுக்கு எனக்குத் தகுதியே கிடையாது" என்றான்.

"என்ன அடக்கம் பாருங்க," என்று உருகினார் டாக்டர் யோம். "நம்ம பிள்ளைங்களுக்குக்கூட இது வரல."

கில்சுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏன் டாக்டர், உங்களை அவங்க கேக்கவே இல்லியா?"

யோமின் முகம் சுண்டிப்போனது. "கேட்டாங்க. இன்னொரு தடவை கேப்பாங்கன்னு இருந்துட்டேன்."

"நானுந்தான்," என்றார் கில்சு. சம்பந்திகள் முதன்முறையாக ஒருவரையொருவர் பிரியமாகப் பார்த்துக்கொண்டார்கள்.

அந்நேரம் கிரெட்சன் சுடச்சுட இறைச்சியும் சோறுமாக இரண்டு தட்டுகளை நீட்டினாள். "சாப்பிடுறீங்களா?"

இருவருக்கும் பசி காதை அடைத்தது.

"ஐயோ, இப்பத்தாம்மா சாப்பிட்டோம்," என்றார்கள் ஒரே குரலில்.

இரண்டு தட்டையும் டைலர் வாங்கிக்கொண்டான்.