சுறாவுக்குச் சளி பிடித்த இரவு

ப்ளுக்… ப்ளுக்… ஹ்ஹ்ஹூஊம்.

விளக்கை அணைத்துக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. சத்தம் குளியலறையிலிருந்து வந்தது. குழாய் இல்லை. குழாய்க்கு மூச்சு வாங்காது. அவள் எட்டு மாதக் குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். கையில் அகப்பட்டது குடை. அதை ஓங்கியபடி எட்டிப் பார்த்தாள்.

வாளித் தண்ணீருக்குள் தலையை விட்டுக்கொண்டு, அரைக்கால் சட்டையோடு மண்டியிட்டிருந்தார் அவள் கணவர்.

"ஐயோ, நீங்களா! என்னங்க பண்றீங்க?"

முதலில் ஒரு குமிழி வந்தது. பிறகு தலை வந்தது.

"பயிற்சி. நாளைக்கு ராத்திரி கடலுக்குள்ள இறங்கணும்ல?"

"அதுக்கு வாளியிலயா பழகுவாங்க?"

"ஆழத்துல என்ன இருக்கு? எல்லாம் மூச்சுல இருக்கு."

கல்யாணமான புதிதில் இருவரும் முதுகில் காற்றுச் சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலுக்குள் முங்கக் கற்றவர்கள்தான். நாலு தடவை இறங்கினார்கள். எல்லாம் பட்டப்பகலில். குழந்தை வந்தது, கடல் நின்றது. போன மாதம், அவர் வேலை பார்க்கும் வரைபட அலுவலகத்தில் ஒரு மதியச் சாப்பாட்டு வேளையில் அவருக்கு வாய் நீண்டுவிட்டது. "பகல்ல இறங்கறதெல்லாம் பிள்ளை விளையாட்டு சார். நான் ராத்திரியில இறங்கப்போறேன்!" அன்றிலிருந்து அலுவலகத்தில் அவர் பெயர் சுறா. சுறா வந்து கதை சொல்லவேண்டும் என்று பதினோரு பேர் காத்திருந்தார்கள்.

சுறாவுக்கு இருட்டென்றால் உதறல். நடுராத்திரி தண்ணீர் குடிக்கக்கூடப் பெண்டாட்டியை எழுப்பித் துணைக்குக் கூட்டிப்போகிற சுறா.

"நீ வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லும்மா, இப்பவே விட்டுடறேன்."

அதுதான் திட்டம். பழியைத் தூக்கி அவள் தலையில் வைத்துவிட்டு, 'என்ன செய்யறது சார், வீட்ல விடல' என்று கையை விரித்துவிடலாம். அவளும் லேசுப்பட்ட பயந்தாங்கொள்ளி இல்லை. குழந்தை மூச்சு விடுகிறதா என்று ராத்திரிக்கு ஒன்பது தடவை விரல் வைத்துப் பார்க்கிறவள். அந்தப் பயத்தை நம்பித்தான் அவர் வாளிக்குள் தலையையே கொடுத்திருந்தார்.

"நான் எதுக்குங்க வேணாம்னு சொல்லப்போறேன்?"

"கும்மிருட்டும்மா. மேல எது கீழ எதுன்னு தெரியாது."

"டார்ச் குடுப்பாங்கல்ல?"

"அது அணைஞ்சுட்டா?"

"இன்னொண்ணு குடுப்பாங்க."

"சுறா வந்தா?"

"உங்க ஆளுதானே, நலம் விசாரிச்சுட்டு வாங்க."

அவர் கடைசி அம்பை எடுத்தார். "தனியா விடமாட்டாங்க, ஜோடி வேணும். உன் பேரைத்தான் குடுத்திருக்கேன். குழந்தையை விட்டுட்டு நீ எங்க வரப்போற, பாவம்…"

"வரேன்."

வாளி கவிழ்ந்தது.

சொன்னாளே தவிர, அவளுக்கும் பயம்தான். ஆனால் எட்டு மாதமாக யாராவது ஒருவர் அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். குழந்தை, குக்கர், அழைப்பு மணி, இந்தச் சுறா. ஒரு மூச்சை ஆரம்பித்து நிம்மதியாக முடித்தே நாளாகிவிட்டது. அவர் அலுவலகத்தில் வாய்விட்ட மறுவாரமே, எதிர்வீட்டு நர்ஸ் அக்காவிடம் குழந்தையைக் கொடுத்துவிட்டு, இரண்டு நாள் காலையில் நீச்சல் குளத்துக்குப் போய், முங்கக் கற்றுக்கொடுக்கும் டீச்சரிடம் மறந்ததையெல்லாம் மறுபடி பழகியிருந்தாள். அவர் கேட்கவில்லை. அவள் சொல்லவில்லை.

மறுநாள் குழந்தையை நர்ஸ் அக்காவிடம் விட்டுவிட்டு இருவரும் ஏறிய படகு கரையை விட்டு நகர்ந்தபோது பொழுது சட்டென்று விழுந்தது. காற்று வெதுவெதுவென்று வீசியது. கடல், கொட்டிய மை. டீச்சர் விதிகளைச் சொன்னார். டார்ச்சால் வட்டம் போட்டால் நலம். குறுக்கே ஆட்டினால் ஆபத்து. சளி பிடித்தவர்கள் இறங்கவே கூடாது, காது வலி உயிர் போகும்.

கடைசி விதி சுறாவின் காதில் தேனாகப் பாய்ந்தது.

"ஹச்!"

"என்ன சார், சளியா?"

"லேசா… ஹச்! அடடா, நேரம் பார்த்து வருது பாருங்க! சரி, படகைத் திருப்புங்க டீச்சர். ஜோடி இல்லாம இவளும் இறங்க முடியாது. பயந்த சுபாவம் வேற."

"நீங்க துண்டைப் போத்திட்டு உட்காருங்க சார். இவங்களுக்கு நான் ஜோடி. குளத்துல என்னமா முங்கினாங்க!"

"குளமா? எந்தக் குளம்? எப்போ?"

பதில் சொல்ல அவள் வாய் காலியாக இல்லை. சிலிண்டரின் காற்றுக்குழாயைக் கடித்துக்கொண்டு, படகிலிருந்து மல்லாந்து கடலில் விழுந்தாள்.

இருட்டு. மேலே ஓடிவிடலாம் என்று காலை உதறினாள். அப்போது ஒரு சத்தம் கேட்டது. ஹ்ஹூம்… குளுகுளு. ஹ்ஹூம்… குளுகுளு. அவளுடைய மூச்சுதான். எவ்வளவு நாளாயிற்று அதைக் கேட்டு! தூரத்தில் டீச்சரின் வெளிச்சம் வட்டம் போட்டது. அவளும் போட்டாள்.

வெளிச்சம் பட்ட இடத்தில் மட்டும் உலகம் இருந்தது. பாறை இடுக்கில் ஒரு கிளிமீன், தன் வாயிலிருந்தே பின்னிய கண்ணாடித் திரைக்குள், கொசுவலைக்குள் கிடக்கும் பிள்ளைபோலத் தூங்கிக்கொண்டிருந்தது. டீச்சர் டார்ச்சை நெஞ்சோடு அணைத்து மறைத்தார். அவளும் மறைத்தாள். கையை வீசினாள். கண்ணுக்குத் தெரியாத கடலுயிர்கள் மினுங்கி, விரல் நுனியிலிருந்து பச்சையும் நீலமுமாகப் பொறி பறந்தது. மறுபடி வீசினாள். மறுபடி பறந்தது. மேல் எது, கீழ் எது என்று நிஜமாகவே தெரியவில்லை. தெரிந்துதான் என்ன ஆகப்போகிறது? யாரும் கூப்பிடவில்லை. யாருக்கும் பசிக்கவில்லை. அவள் அசைந்தால் விடிந்தது, அசையாவிட்டால் இருட்டியது.

"எப்படி இருந்துச்சு?" அவள் படகில் ஏறியதும் துண்டுக்குள்ளிருந்து சுறா கேட்டார்.

"ம்."

"ம்முன்னா? ஒண்ணு விடாம சொல்லு. காலையில ஆபீஸ்ல நான் சொல்லணும்ல?"

"நீங்கதான் இறங்கவே இல்லையே?"

"படகு எங்க நின்னுச்சு? கடல்லதானே?"

சொன்னாள். கரை சேர்வதற்குள் அவர் கிளிமீனைத் தானே பார்த்துவிட்டார். அது ஒரு முழம் நீண்டும்விட்டது.

வீட்டு வாசலில் நர்ஸ் அக்கா தூங்கும் குழந்தையை நீட்டினார். அக்காவின் கணவருக்கு அலுவலகத்தில் சுறாவுக்கு அடுத்த மேசை.

"அக்கா, இவருக்குப் படகுல சளி வந்துடுச்சு. தும்மித் தள்ளிட்டார்."

"ஐயையோ, அப்போ நாலு நாளைக்குக் குழந்தை பக்கமே வரக்கூடாது. கூடத்துல தனியாப் படுக்கட்டும்."

"அதெல்லாம் போயிடுச்சுக்கா!" என்றார் சுறா.

"படகுல ஏறினதும் வந்து, இறங்கினதும் போற சளியா?" அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"சும்மா தும்மியிருந்தா இப்பவே சொல்லிடுங்க," என்றாள் அவள், வெகு கனிவாக. "உள்ள வந்து படுத்துக்கலாம்."

சுறா மனைவியைப் பார்த்தார். கதவு வழியே உள்ளே தெரிந்த படுக்கையையும் கூடத்து இருட்டையும் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். அக்காவுக்குப் பின்னால், விடிந்ததும் சிரிக்கப்போகிற பதினோரு வாய்களைப் பார்த்தார்.

"ஹச்," என்றார்.

அவள் ஒரு தலையணையைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். உள்ளே போனாள். படுக்கையறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.