குரங்குப்பிடி அல்ல, உடும்புப்பிடி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் மாமியார், என் ஸ்கூட்டர் மூவரும் நலம். உங்கள் நலமும் என் மகள் நலமும் அறிய ஆவல். உங்கள் ஆராய்ச்சிக் குரங்குகளின் நலம் அறிய ஆவல் இல்லை.

நேற்று உங்கள் சொற்பொழிவுக்குச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தது என் தப்புதான். கையில் இருக்கும் பழத்தை, அதைவிட நல்ல பழத்தைக் காட்டினாலும் விடாத குரங்கைத் திரையில் காட்டினீர்கள், நானும் கைதட்டினேன். "கையில இருக்கிறதை விட்டா பட்டினிங்கிற பயம் லட்சக்கணக்கான வருஷமா உடம்புல ஊறிப்போச்சு, சந்தையிலயும் அது நம்மை விடாது" என்றீர்கள், அதற்கும் தலையாட்டினேன். அடுத்த படத்தில் நான்! ஸ்கூட்டர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் காட்டிக்கொண்டு! "மாமாவோடது சுத்தமான குரங்குப்பிடி" என்றீர்கள். அரங்கமே சிரித்தது, எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது உங்கள் மாமியார். வீட்டுக்கு வந்தும் அடங்கவில்லை. "குரங்கு கையில இருந்தது பழமாவது. உங்க வண்டி ஸ்டார்ட்டே ஆகாதே" என்கிறாள். மெக்கானிக்கிடம் நியாயம் கேட்கப் போனால் அவன், "இதே வண்டி இன்னொருத்தரோடதா இருந்தா என்ன விலைக்கு வாங்குவீங்க சார்?" என்கிறான். "சும்மா குடுத்தாலும் வேணாம்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அங்கேயும் மானம் போயிற்று.

ஆனாலும் அசைய மாட்டேன். என்னுடையது உடும்புப்பிடி. உடும்பு உங்கள் குரங்குக்கு ஒன்றுவிட்ட சொந்தம்கூட இல்லை. நீங்கள் இருவரும் எங்கள் மேல்மாடிக்குக் குடிவரும்போது, என் ஸ்கூட்டர் நிற்கிற இடத்தில் உங்கள் காரை நிறுத்த வேண்டும், அதற்குத்தானே இத்தனை பரிணாமமும்? அந்த வண்டியில் எனக்கு முன்னால் நின்று ஹாரனை அடித்தபடியே வளர்ந்தவள் உங்கள் மனைவி. இன்றைக்கும் வண்டியில் ஒழுங்காக வேலை செய்வது அது ஒன்றுதான். அந்த வண்டியைப் பழைய இரும்புக்குப் போட எனக்கு மனம் வராது. இதற்கு மரபணு எதற்கு, அப்பனாக இருந்தால் போதாதா? உங்கள் கார் தெருவில் நிற்கட்டும்.

உங்கள் இருவருக்கும் என் ஆசிகள். குரங்குகளுக்குக் கிடையாது.

இப்படிக்கு,
அசையாத மாமனார்

பி.கு: நான் குரங்கில்லை என்று நிரூபிக்கவே இன்று காலை வண்டியைப் பழைய இரும்புக்காரனுக்கு, அவன் கேட்ட விலைக்கே கொடுத்துவிட்டேன். தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போனவன் ஹாரனை ஒரு தடவை அடித்துப் பார்த்தான். செருப்புகூடப் போடாமல் ஓடி, இரண்டு மடங்கு விலை கொடுத்துத் திரும்ப வாங்கிவந்தேன். உடும்பு இப்படி ஓடாது என்கிறாள் உங்கள் மாமியார்.