புதன், சனி சாயங்கால நிலநடுக்கம்

கோயமுத்தூர் மச்சினர் சுந்தரேசன் அவர்களுக்கு, கல்கத்தாவிலிருந்து மஹாதேவன் நமஸ்காரம் செய்து எழுதுவது. நானும் உங்கள் தங்கை ராஜலக்ஷ்மியும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். நீங்களும் மன்னியும் அவ்வண்ணமே இருக்க வேண்டுகிறேன். குறையெல்லாம் மனசுக்குத்தான். இரண்டு வருஷத்துக்கு முன் ஆசையாக லாரியில் ஒரு கிரைண்டர் அனுப்பினீர்களே, அதை வைத்து என்னை விஞ்ஞானத்துக்கே விரோதி ஆக்கிவிட்டார்கள்.

நாங்கள் குடியிருக்கும் ஜாதவ்பூர் வீட்டின் சொந்தக்காரர் நிஷீத் லாஹிரி, நிலநடுக்கம் சொல்லிக்கொடுத்து ரிட்டயரான புரொஃபசர். கீழே அவர், மாடியில் நாங்கள். தன் அறைத் தரையில் டிபன் டப்பா அளவில் ஒரு கருவி பதித்து வைத்திருக்கிறார். பூமி லேசாக அசைந்தால்கூடக் கம்ப்யூட்டரில் கோடு குதிக்கும். இரண்டு வருஷமாக அந்தக் கோடு புதனும் சனியும் சாயங்காலம் ஐந்து மணிக்குக் குதிக்க ஆரம்பித்து, நாற்பது நிமிஷம் குதித்துவிட்டு அடங்குகிறதாம். மனுஷர் பரவசப்பட்டு, தென் கல்கத்தாவின் களிமண்ணுக்கடியில் இதுவரை யாரும் அறியாத நடுக்கம் இருப்பதாகக் கட்டுரை எழுதி, அது வெளிநாட்டுப் பத்திரிகையில் அச்சாகி, எங்களுக்கெல்லாம் சந்தேஷ் மிட்டாய் கொடுத்தார். நானும் இரண்டு சாப்பிட்டேன். பூமிக்குக் கிழமை எப்படித் தெரியும் என்று ஒருத்தராவது கேட்டிருக்க வேண்டாமா? அது தற்செயல் என்று அடிக்குறிப்பில் போட்டுவிட்டாராம்.

போன புதன்கிழமை அவருடைய மாணவி ஹர்ஷினி வந்தாள், மதுரைப் பெண். ராஜி மாடியில் இட்லிக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் சத்தம் கேட்டு மேலே வந்து கிரைண்டரைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், கீழே ஓடினாள். ஐந்து நாற்பதுக்குக் கிரைண்டர் நின்றது, அங்கே கோடும் படுத்தது. அவ்வளவுதான், லாஹிரி மூச்சிரைக்கப் படியேறி வந்துவிட்டார். எங்க சமையலறை அவரோட ரெண்டு வருஷ உழைப்பை நாசம் பண்ணிடுத்தாம், முன்கூட்டியே சொல்லியிருக்கணுமாம். என்னத்தைச் சொல்றது? உளுந்து ஊறப் போட்டிருக்கேன்னு யுனிவர்சிட்டிக்கு லெட்டர் போடணுமா? எனக்கு வந்ததே கோபம். "மிஷின் பொய் சொல்லலை லாஹிரி பாபு. ஆடறதுன்னுதான் அது சொல்லித்து. பூமின்னு சொன்னது நீங்க"ன்னு ஹிந்தியில சொல்லிட்டேன். அவர் ராஜி கொடுத்த டீயைக் கையில வச்சுண்டு ஆற விட்டார். கொஞ்சம் பாவமாத்தான் இருந்தது.

அந்தப் பாவம் சனிக்கிழமை வரைக்கும்கூடத் தாங்கலை. வெள்ளிக்கிழமை காலம்பறவே லாஹிரி வந்து, பரிசோதனைக்காக ஒரு மாசம் கிரைண்டர் ஓட்ட மாட்டோம்னு எழுதி எடுத்துண்டு வந்து கையெழுத்துக் கேக்கறார். வாடகை ஒப்பந்தத்துல இட்லி கூடாதுன்னு எங்கே இருக்கு? நான் கண்ணாடியைத் தேடறதுக்குள்ள, லாஹிரி தாதாவோட வேலை கெடக் கூடாதுன்னு உங்க தங்கை கையெழுத்துப் போட்டுட்டா. ஓட்டாம இருக்கற நேரத்துல கல்லாவது கொத்தி வைக்கலாம்னு, மறுநாளே கிரைண்டரை லேக் மார்க்கெட் கடைக்கு அனுப்பியாச்சு. அன்னிலேர்ந்து எனக்கு பிரெட். கேட்டா, விஞ்ஞானம்னா நாலு பேர் விட்டுக்கொடுக்கத்தான் வேணுங்கறா. அந்த நாலு பேரும் நானேவா?

ஆகையால் தாங்கள் உடனே ராஜிக்கு போன் செய்து, கிரைண்டரைத் திருப்பிக்கொண்டுவரச் சொல்லவேண்டியது. அண்ணா சொன்னால் தட்டமாட்டாள். அந்த ஒரு மாதத்தை லாஹிரி வேறு யார் வயிற்றிலாவது பரிசோதிக்கட்டும்.

மன்னிக்கு என் நமஸ்காரம். உங்கள் பிள்ளை நவநீத்துக்கு எங்கள் இருவர் ஆசியும் எப்போதும் உண்டு.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்,
மஹாதேவன்

பி.கு.: இதைத் தபாலில் போடக் கீழே இறங்கினேன். இன்று புதன், மணி ஐந்து பத்து. கிரைண்டர் லேக் மார்க்கெட்டில் கல் வேறு மோட்டார் வேறாகக் கிடக்கிறது. இங்கே லாஹிரியின் கம்ப்யூட்டரில் கோடு குதித்துக்கொண்டிருக்கிறது. ஹர்ஷினி கடிகாரத்தையும் கோட்டையும் மாறி மாறிப் பார்க்கிறாள். லாஹிரி என்னைக் கட்டிக்கொண்டு, "பூமிதான் மஹாதேவன் பாபு, பூமியேதான்" என்று ஆனந்தக் கண்ணீர் விடுகிறார். மேலே எழுதியதைப் பொருட்படுத்த வேண்டாம். கோயமுத்தூரில் வாடகைக்கு வீடு ஏதாவது காலியாக இருந்தால் உடனே தெரிவிக்கவும்.