குரோக் என்ற சொல்லும் என் வயிற்றெரிச்சலும்

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் பணிவுடன் எழுதுவது. இங்கே மனைவி, பிள்ளைகள், என் ரத்த அழுத்தம் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன. அக்காவின் முழங்கால் வலி தேவலையா? என் மனசுதான் சரியில்லை.

எங்கள் ஆங்கிலம்-தமிழ் அகராதி அலுவலகத்தில் அபூர்வமான சொல் வந்தால் இரண்டு பேரிடம் கொடுப்பார்கள். இருவரும் பொருளும் எடுத்துக்காட்டு வாக்கியமும் எழுதித் தர வேண்டும். தேறுவது அச்சுக்குப் போகும், எழுதியவர் பெயர் பின்பக்கத்தில் வரும். இருபத்திரண்டு வருடமாக என் பெயர்தான் வந்துகொண்டிருந்தது. போன மாதம் ‘குரோக்’ என்ற ஆங்கில வினைச்சொல்லை எனக்கும், பக்கத்து மேஜைக்குப் புதிதாக வந்திருக்கும் பெண்ணுக்கும் கொடுத்தார்கள். பழைய ஆங்கில நூல்களில் எங்கோ ஒரு நாயோ குழந்தையோ செய்கிற காரியம் அது. நான் நான்கு நூலகம் ஏறி இறங்கி, ‘பிறர் உண்ணுங்கால் தனக்கும் வழங்கப்படும் என்னும் எதிர்பார்ப்புடன் மௌனமாக நோக்குதல்’ என்று எழுதினேன். அந்தப் பெண் தலையைக்கூடத் தூக்காமல் ‘வாய் பார்த்தல்’ என்று எழுதிவிட்டாள். தலைமைப் பதிப்பாசிரியர் இரண்டையும் படித்துவிட்டு, “சார், உங்களுதைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள அவன் சாப்பிட்டுக் கையே கழுவிடுவான்” என்றார். அறையே சிரித்தது, அத்தான். அவள் வாக்கியத்திலாவது குறை கண்டுபிடிக்கலாம் என்று வாங்கிப் பார்த்தேன். ‘பக்கத்து மேஜைக்காரர் நான் டப்பாவைத் திறந்ததும் வாய் பார்ப்பார், கேட்கமாட்டார்.’

“இது யாரும்மா?” என்றேன்.

“சும்மா ஒரு உதாரணம் சார்” என்றாள். அவளுக்கு அந்தப் பக்கம் சுவர், இந்தப் பக்கம் நான்.

பதிப்பாசிரியர் உங்களோடு கல்லூரியில் படித்தவர்தானே. அந்த வாக்கியத்தை நீக்கி, அவளை வேறு பிரிவுக்கு மாற்றச் சொல்லி ஒரு வரி எழுதுங்கள். அச்சுப்படி கடைசியாக என் கைக்குத்தான் வரும். அந்த வரியை நானே அடித்தால் பொறாமை என்பார்கள். பொறாமைதான், அதை அவர்கள் சொல்லக் கூடாது.

அக்காவுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மைத்துனன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் அச்சுப்படி வந்துவிட்டது. சிவப்புப் பேனாவுடன் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த வாக்கியத்தில் ஓர் எழுத்தைக்கூடத் தொட முடியவில்லை. ‘சரி’ என்று போட்டுக் கையெழுத்தும் வைத்துவிட்டேன். நீங்கள் யாருக்கும் எழுத வேண்டாம். இருபத்திரண்டு வருடத்தில் அப்படி ஒரு வரி நான் எழுதியதில்லை, அத்தான்.